விநாடி முள் தொட்டுப் போகும் சிவப்பு

அத்தியாயம் பதினேழு

புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கிறவள் பொய் சொல்லக் கூடாது என்பது வசந்தாவின் கொள்கை. அதனால் காலையில் கணவர் கோபாலகிருஷ்ணனிடம், "மகாபலிபுரம் போயி பெருமாளை சேவிச்சிட்டு வந்துடறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அது உண்மைதான். தலசயனப் பெருமாள் சந்நிதியில் நின்றாள், துளசி வாங்கினாள், தீர்த்தம் வாங்கினாள். ஆனால் அதற்குப் பிறகு போகப் போகிற இடத்தைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. அந்தப் பாதி உண்மை கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து பேருந்து ஏறியதுமுதல் செருப்பில் ஏறிய மணல்போல உறுத்திக்கொண்டே வந்தது.

கோயில் வாசலில் மைத்துனன் மோகன் பைக்கோடு காத்திருந்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. முப்பத்துமூன்று வயதாகியும் அண்ணியைக் கண்டால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு.

"இன்னா அண்ணி, பெருமாள்கிட்ட ரெக்கமண்டேசன் போட்டாச்சா?"

"உனக்கு இல்லப்பா. எனக்குத்தான் மன்னிப்பு கேட்டுக்கினேன். வண்டிய எடு."

மாமனார் ராமானுஜத்தின் ஒமேகா கைக்கடிகாரத்தை அவர் காலமான மறு மாதமே பீரோவிலிருந்து எடுத்து விற்றவன் இந்த மோகன். பதினோரு வருடம் ஆகிறது. ஏன் விற்றான் என்று கேட்டதற்கு அன்று வாய் திறக்கவில்லை, இன்றுவரை திறந்ததில்லை. அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்தியவர்தான். வசந்தா மட்டும் இரண்டு பக்கமும் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிப் பலகாரம், பொங்கல் வாழ்த்து என்று மெல்லிய நூல். போன வாரம் அந்த நூல் வழியாகத்தான் சேதி வந்தது. கடிகாரத்தை வாங்கியவர் மாமல்லபுரத்தில் விடுதி நடத்திய சடையப்பன். அவர் இப்போது இல்லை. அவர் சேர்த்து வைத்த பழைய கடிகாரங்களை எல்லாம் விடுதியைப் பழுது பார்க்க மகள் ஏலம் விடுகிறாள்.

"அது கெடச்சா அண்ணன் ஒரு வார்த்தையாவது பேசுவாரு இல்ல, அண்ணி?" என்று போனில் கேட்டிருந்தான். அந்தக் குரலுக்காகத்தான் வசந்தா கிளம்பி வந்தாள்.

விடுதி கடலைப் பார்த்து நின்றது. போன மார்கழிச் சுனாமியில் கடல் உள்ளே வந்து போன அடையாளம் கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடாக ஓடியது. மாடிக் கூடத்தில் நீண்ட மேசைகள். நீல வெல்வெட் தட்டுகளில் கடிகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் சீட்டு. மதியம் ஏலம், அதுவரை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

மோகன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டான். அந்த நொடியில் அவன் முகமே மாறிப்போனதை வசந்தா கவனித்தாள். விளையாட்டுத்தனம் போய், சந்நிதியில் நிற்கிற அமைதி வந்தது.

அவள் பளபளவென்று மின்னிய ஒன்றைக் காட்டினாள். "இத்தப் பாரு, புதுசாட்டம் கீது."

"அதான் அண்ணி தப்பு. அம்பது வருசத்துப் பொருளு புதுசாட்டம் இருந்தா, யாரோ கை வெச்சிருக்கான்னு அர்த்தம்." லென்ஸை அவளிடம் கொடுத்தான். "எழுத்தப் பாருங்க. மை தடிச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நிக்குது பாருங்க. கம்பெனி எழுத்து முடி மாதிரி மெல்லிசா இருக்கும். இது எங்கியோ திரும்பப் பெயின்ட் அடிச்ச முகம்."

லென்ஸுக்குள் அந்த எழுத்துகள் உண்மையிலேயே மழையில் நனைந்த சுவரொட்டிபோல ஊதியிருந்தன.

"வார் மாட்டற முனைய தடவிப் பாருங்க. மொழுமொழுன்னு கீதா? பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்பத் தின்னுட்டாங்க. நல்ல வாட்ச்சுன்னா அந்த விளிம்பு வெரல்ல லேசா கீறணும்."

பிறகு ஒன்றைக் காதருகே வைத்தான். கண்ணை மூடிக் கேட்டான். முட்களில் பூசிய பச்சையும் எண்களில் பூசிய பச்சையும் ஒரே அளவுக்கு மங்கியிருக்கிறதா என்று பார்த்தான். சாவி கொடுக்கும் திருகை இரண்டு சுற்றுச் சுற்றி, விரல் நுனியில் அது எப்படிப் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டான். எடுத்த ஒவ்வொன்றின் பின்மூடியையும் திறந்து காட்டச் சொன்னான். ஏலக்காரரின் ஆள் திறந்ததும் உள்ளே செம்பு நிறத்தில் சக்கரங்கள் ஆடியதை வசந்தா குனிந்து பார்த்தாள். அரிசிமணியைவிடச் சின்னத் திருகாணிகள். மனிதக் கை இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யுமா? அந்தக் கைக்கு இந்தப் பொறுமையைக் கொடுத்தவன் யார்? அவள் மனசுக்குள் கை கூப்பிக்கொண்டாள்.

"இவ்வளவு எங்கடா கத்துக்கின?"

மோகன் தலையை நிமிர்த்தவில்லை. "ஒண்ண வித்தப்புறந்தான் அண்ணி. அது எப்பேர்ப்பட்டதுன்னு தெரிஞ்சிக்கணும் போல இருந்திச்சு."

கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிற வசந்தாவுக்குப் பருப்பில் கல் பார்க்கத் தெரியும். புளியில் புதுசு பழசு சொல்லத் தெரியும். ஆனால் இது வேறு. செய்த தவற்றையே படிப்பாக மாற்றிக்கொண்ட பிள்ளையை அவள் இதுவரை பார்த்ததில்லை. கண் கலங்கியதை மறைக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாற்பத்தொன்றாம் எண் தட்டுக்கு வந்ததும் மோகன் நின்றான்.

அதே கடிகாரம்தான். பால் நிற முகம். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் தனியாக ஓடும் விநாடி முள். மாமனார் கல்யாணத்துக்கு அவருடைய மாமனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து போட்டது. வார் மட்டும் புதுசு. அந்தச் சின்ன வட்டத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புத் தீற்றல். விநாடி முள் ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தொட்டுத் தொட்டுப் போனது.

வசந்தாவின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜை அது. அதற்கு முந்தின நாள்தான் பேருந்துக் கம்பியில் இடித்துக் கடிகாரத்தின் கண்ணாடி கீறியிருந்தது. பூஜைக்குக் கடை எல்லாம் அடைப்பு. தையல் மிஷின், சைக்கிள், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த புது மருமகள், பயபக்தியில் கடிகாரத்துக்கும் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டாள். கீறல் வழியாகக் குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது. வீடே திடுக்கிட்டது. மாமனார் மட்டும் சிரித்தார். மறுநாள் கண்ணாடி மாற்றிய கடைக்காரர் துடைத்துத் தருவதாகச் சொன்னபோது, "வேணாம்ப்பா, மருமவ வெச்ச பொட்டு. இருந்துட்டுப் போவட்டும்" என்றாராம். சாகும் வரைக்கும் அந்தப் பொட்டோடுதான் கட்டினார்.

"ஞாபகம் கீதா?" என்று கிசுகிசுத்தாள்.

"எனக்குப் பன்னெண்டு வயசு அண்ணி. நீங்க அழுதது கூட ஞாபகம் கீது."

பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தும்பை மாதிரி தலை. பெயர் ஜானகிராமன், ஊரப்பாக்கம், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று மோகன் முன்பே காட்டியிருந்தான். நல்ல பொருள் எங்கே ஏலம் வந்தாலும் அவர் அங்கே இருப்பாராம். அவர் கேட்டால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்களாம். அவர் கடிகாரத்தை எடுத்த விதமே அழகாக இருந்தது. தூங்குகிற குழந்தையை எடுப்பதுபோல உள்ளங்கையை அடியில் கொடுத்து எடுத்தார். முகத்தைப் பார்த்தார், விளிம்பைத் தடவினார், காதில் வைத்தார். மலர்ந்துகொண்டே வந்த முகம் அந்தச் சிவப்பைக் கண்டதும் வாடியது.

"அடடா. துரு. கடல் தண்ணி உள்ள போயிருக்கு." ஏலக்காரரின் சீட்டிலும் அப்படித்தான் குறித்திருந்தது: முகத்தில் துருக்கறை. "நல்ல ஜாதிப் பொருள். பாவம்" என்று மெல்லக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

மோகன் அண்ணியின் முழங்கையைப் பிடித்து மாடிப்படி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். அவன் முகத்தில் விளக்கேற்றியதுபோல இருந்தது.

"பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு அண்ணி. கெழவரு வுட்டுட்டாரு. வேற ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பைசாவுக்கு வந்துடும்."

அப்போதுதான் வசந்தாவுக்கு ஒன்று உறைத்தது. மற்றக் கடிகாரங்களுக்கெல்லாம் பின்மூடியைத் திறக்கச் சொன்னவன் இதற்கு மட்டும் சொல்லவில்லை.

"தண்ணி போயிருந்தா உள்ளயும் துரு ஏறியிருக்கும் இல்ல?"

"திருகாணியிலதான் மொதல்ல புடிக்கும்."

"தொறந்து பாத்தா தெரிஞ்சிடும்."

"அதான் தொறக்கல." பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணி, நாயம் பாத்துக்கினு இருந்தா ஏலமே எடுக்க முடியாது. ஒவ்வொருத்தனும் தனக்குத் தெரிஞ்சத வாய்க்குள்ள வெச்சிக்கினுதான் வர்றான். கஷ்டப்பட்டுக் கத்துக்கினது அது. ஊருக்கெல்லாம் சொல்லுவாங்களா?"

வசந்தா யோசித்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை. உழைத்துக் கற்ற பார்வை உழைத்தவனுக்குச் சொந்தம்தான்.

"நீ கத்துக்கினத நீயே வெச்சிக்கப்பா. ஆனா இது கத்துக்கினது இல்ல. இது நான் வெச்சது."

"அண்ணி..."

"அந்தப் பொண்ணு அப்பன் பொருள வித்து இந்தக் கீழ்த்தளத்தக் கட்டணும்னு நிக்குது. நான் வெச்ச குங்குமத்தால அது வெல எறங்கலாமா?" கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்குச் சொல்லாம எடுத்துக்கினு போன. இன்னிக்கும் சொல்லாம எடுத்துக்கினு வந்தா, உங்க அண்ணன் கையில இன்னான்னு சொல்லிக் குடுக்கறது?"

மோகன் கீழே சுவரில் ஓடிய பழுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்க போய் சொல்லுங்க" என்றான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் தடுக்கவில்லை.

சடையப்பனின் மகள் ஜெயப்பிரியா கோவையிலிருந்து வந்திருந்தாள். விருந்தினருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் வசந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அந்தப் பெண் ஏலக்காரரைக் கூப்பிட்டாள். நாற்பத்தொன்றாம் எண்ணின் பின்மூடி திறந்தது. விஷயத்தைக் கேட்டு ஜானகிராமனும் வந்து குனிந்தார்.

உள்ளே ஒவ்வொரு திருகாணியும் நேற்று வைத்ததுபோல மின்னியது. துளித் துரு இல்லை.

அவர் கடிகாரத்தைத் திருப்பி, லென்ஸ் வழியாக அந்தச் சிவப்பை நெடுநேரம் பார்த்தார். "துருன்னா உலோகத்தை அரிச்சுப் பொங்கியிருக்கும். இது மேலாக்கப் படிஞ்சிருக்கு. சாயம்தான்." நிமிர்ந்தார். "நான் அவசரப்பட்டுட்டேன். கடல் வந்த வருஷம், கடலோர வீடு, சிவப்பா ஒரு கறை. பார்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். ஏம்மா, நீங்களும் இதைக் கேக்கத்தானே வந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

"வாங்க வர்றவங்க பொருளைப் பழிப்பாங்க. இத்தனை வருஷத்தில அதைத்தான் பார்த்திருக்கேன். தான் வாங்கப்போற பொருளுக்கு ஒருத்தர் வந்து நற்சாட்சி சொல்றதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." சொல்லிவிட்டு, "ஆனா நானும் கேப்பேன்மா. மனசு இதிலே விழுந்துடுச்சு" என்றார்.

"தாராளமா கேளுங்க."

ஜெயப்பிரியா, வசந்தாவுக்கு விரதம் என்று தெரிந்து, மோருக்குப் பதில் ஓர் இளநீரைச் சீவச் சொல்லிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். தானே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஏலம் தொடங்கியது. நாற்பத்தொன்று வந்ததும் ஏலக்காரர் கறையைப் பற்றிய குறிப்பைத் திருத்திச் சொன்னார். மோகன் கேட்டான். ஜானகிராமன் கேட்டார். சென்னை வியாபாரி ஒருவரும் கொஞ்ச தூரம் கூட வந்து விலகிக்கொண்டார். பிறகு இவர்கள் இரண்டு பேர்தான். மோகனின் குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்ந்தது. அவன் மனசில் வைத்திருந்த எல்லை எது என்று வசந்தாவுக்குத் தெரியும். அது வந்தது, அதையும் தாண்டி ஒரு தரம் கேட்டான். அதற்கு மேல் வாய் வரவில்லை.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். பெருமாளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெரியவருக்கு எதிராகக் கேட்பதாகிவிடும்.

"மூணு தரம்."

கடிகாரம் ஊரப்பாக்கத்துக்குப் போயிற்று.

மோகன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். வசந்தா பின்னாலேயே போனாள். வெளியே அலை ஓசை. ஏதாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை; லென்ஸைக் கைக்குட்டையில் மடித்து மடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு தப்பும் இல்லாத பீஸு அண்ணி அது. முகம் ஒரிஜினல், விளிம்பு ஒரிஜினல், முள்ளு ஒரிஜினல். அவ்வளவு சுத்தமா அப்பா வெச்சிருந்திருக்காரு."

"அத்தக் கண்டுபுடிக்க நீ இருந்தியே. உங்க அப்பா பாத்திருந்தா பெருமப்பட்டிருப்பாரு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

அப்போது ஜானகிராமன் வந்தார். கையில் சின்னப் பெட்டி. மோகனைப் பார்த்து, "தம்பி, இதை நான் விக்க மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏமாந்து போகக் கூடாது" என்றார். பிறகு வசந்தா பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு கேள்வி. அந்தக் கறையைச் சுத்தம் பண்ணட்டுமான்னு ஏலக்காரங்க கேக்கறாங்க. நான் வேண்டாம்னுட்டேன். அதை வெச்சவங்க கண்ணெதிர்ல இருக்கும்போது அழிக்க நான் யாரு? ஆயுத பூஜை ரெண்டு வாரத்தில வருது. எங்க வீட்டில நான் ஒண்டி ஆள். பூஜையெல்லாம் மனைவியோட போச்சு. இதை உங்க வீட்டுக்குக் கொண்டு வரலாமா? இந்த வருஷப் பொட்டையும் நீங்களே வெச்சுடுங்க."

வசந்தா கையைக் கூப்பினாள். "வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்றாள்.

"இந்தத் தடவை கண்ணாடி கீறலில்லாம இருக்கு" என்று பெரியவர் சொல்ல, மோகன்கூடச் சிரித்துவிட்டான்.

வீடு திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். மாவிளக்கு ஏற்றிக் கற்பூரம் காட்டி முடிக்கும்வரை வசந்தா வாய் திறக்கவில்லை. பிறகு கணவர் எதிரில் உட்கார்ந்து, காலையில் விட்டுப்போன மிச்சப் பாதியையும் சொன்னாள். மோகனின் லென்ஸ், நாற்பத்தொன்றாம் எண், துரு, குங்குமம், மூணு தரம், எதையும் விடவில்லை. மோகன் முதலில் மறைக்கச் சொன்னதையும் மறைக்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"செகண்ட் முள்ளு ஓடுதா?"

"ஓடுது. அந்தச் செவப்பு மேல ஏறி எறங்கி ஓடுது."

"அதே வாட்ச்சுன்னு அவனே கண்டுபுடிச்சானா?"

"பாத்த ஒடனே. அத்தப் பத்தி அவன் பேசறதக் கேக்கணும் நீங்க. கையெடுத்துக் கும்பிடலாம்போல கீது."

அவர் எழுந்து பின்கட்டுப் பக்கம் போனார். கதவருகில் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பெரியவரு ஊரப்பாக்கத்துலருந்து தனியாவா வருவாரு?"

"தனி ஆளுதான்னு சொன்னாரு."

"டவுன்ஷிப்புக்குள்ள வூடு கண்டுபுடிக்கிறது செரமம். வழி தெரிஞ்சவன் எவனாவது இட்டுக்கினு வந்தா தேவல." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வசந்தா எழுந்தாள். பிறகு பெருமாள் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"மோகன், ஆயுத பூஜைக்கு ஜானகிராமன் சாருக்கு வழி காட்ட ஒரு ஆளு வேணுமாம்."

"யாரு அண்ணி கேட்டது?"

"உங்க அண்ணன்."

மறுமுனையில் மோகனின் குரல் இறங்கியது.

"அண்ணி, வர்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாவணும். அந்த வாட்ச்ச எதுக்காக வித்தேன்னு. சொன்னப்புறமும் வரச் சொல்லுவாரான்னு தெரியல."

பின்கதவு திறந்தது. கோபாலகிருஷ்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். யார் போனில் என்று மனைவியின் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்ல வேண்டியது என்கிட்ட இல்ல மோகன்" என்றாள் வசந்தா. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, கணவரை நோக்கி நீட்டினாள்.

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைக்கத் தொடங்கினார். கை எப்போதோ காய்ந்துவிட்டது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பதினோரு வருடத்துக்குப் பிறகு, அந்த ரிசீவருக்காகக் கையை நீட்டினார்.